விரல் நுனி சிவந்தால்...

புதுச்சேரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கிதாரில் ஹெவி மெட்டல் பழகுகிறாள். "விரலெல்லாம் செவந்து போச்சுக்கா, நிறுத்திடச் சொல்லட்டுமா?" என்று அவள் அம்மா கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அந்த இசைக்கு வழிபோட்ட இங்கிலாந்து 'பிளாக் சாபத்' குழுவின் டோனி அயோமிக்கு, 1965-ல் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி, தந்தி அழுத்தும் கையில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. பதினேழு வயசுதான்! பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மெல்லிய தந்தி பூட்டி வாசித்தார்.

நம் பிள்ளைகளுக்கும் மெல்லிய தந்தியே நல்லது. 'ரிஃப்' என்கிற, திரும்பத் திரும்ப வரும் சிறு சுரக்கோவையை நிதானமாக, பத்துப் பத்து நிமிஷமாகப் பழகட்டும். சில வாரங்களில் நுனி காய்த்துவிடும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு ஓய்வு. சத்தத்தையும் குறைக்கச் சொல்லுங்கள். விரல் காய்க்கும், காது காய்க்காது.