எல்லாமே 'பியூட்டிஃபுல்' அல்ல

கொல்கத்தாவின் கிழக்கே, ராஜர்ஹாட் வயல்களின் மீது எழுந்த நகரம் நியூ டவுன். 2012ல் அங்கே திறக்கப்பட்ட 480 ஏக்கர் ஈகோ பார்க்கில் விடுமுறை நாளில் வங்காளிகளோடு பிற மாநில கம்ப்யூட்டர் ஊழியர்களும் நடமாடுகிறார்கள். பொதுமொழி ஆங்கிலம். ஏரி, பட்டாம்பூச்சித் தோட்டம், தாஜ்மகாலின் நகல் என எதைப் பார்த்தாலும் ஒரே வார்த்தை: 'பியூட்டிஃபுல்'.

ஆங்கிலம் அவ்வளவு ஏழை மொழி அல்ல. பட்டாம்பூச்சித் தோட்டம் 'பிரெட்டி'. சிறியதாக, கண்ணுக்கு இதமாக இருப்பதற்கான சொல். தாஜ்மகாலின் நகலுக்கும் அதுவே போதும். 'பியூட்டிஃபுல்' ஆக்ராவில் நிற்கும் அசலுக்கு. ஏரியில் விழும் மாலை வெயில் 'லவ்லி'. இதில் காட்சியின் அழகைவிடப் பார்ப்பவரின் பிரியமே அதிகம்.

'ஹேண்ட்சம்' ஆண்களுக்கு மட்டுமே என்பது நம் பள்ளிக்கூடப் பாடம். தொடக்கத்தில் அதன் பொருள் 'கைக்கு வாகான' என்பதுதான். இன்று கணிசமான தொகையும் கம்பீரமான கட்டடமும்கூட 'ஹேண்ட்சம்'. நடுவயது தாண்டிய மிடுக்கான பெண்மணிக்கு அது பாராட்டு. இருபது வயதுப் பெண்ணிடம் சொன்னால் முகம் சுளிப்பார். 'கியூட்' 18ஆம் நூற்றாண்டில் 'அக்யூட்' தன் தலையெழுத்தை இழந்ததால் பிறந்தது. அன்று அதற்குச் சூட்டிகை என்று பொருள். இன்று குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் பொருந்தும், மேலதிகாரிக்கு வேண்டாம்.

மொழிபெயர்க்கும்போது சிக்கல் கூடுகிறது. 'அட்ராக்டிவ்' என்றால் கவர்ச்சியான என்கிறது அகராதி. சம்பளம் கவர்ச்சிகரமாக இருக்கலாம். ஆனால் ஒரு பெண் அதிகாரியைக் 'கவர்ச்சியானவர்' என்று எழுதினால் வாசகர் மனதில் வருவது சினிமாப் பக்கம். அங்கே 'பார்வைக்கு நன்றாக இருப்பவர்' என்பதே நாகரிகம்.

மிகப் பெரிய விபத்து கல்யாண விளம்பரத்தில் நடக்கிறது. வங்காளப் பத்திரிகைகளில் 'பிரகிருத சுந்தரி', அதாவது அசல் அழகி, தேடுவார்கள். 'சுஸ்ரீ' என்றால் ஒரு படி கீழே. தமிழிலும் 'அழகான' பெண் வேறு, 'லட்சணமான' பெண் வேறு, 'களையான முகம்' வேறு என்று தரகருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் நம்மவர்கள் எல்லோரும் ஓடிப் பிடிக்கும் சொல் 'ஹோம்லி'. இந்தியாவில் அது குடும்பப் பாங்கான பெண். அமெரிக்காவிலோ அழகில்லாதவள் என்பதை நாசூக்காகச் சொல்லும் வார்த்தை. அங்கேயே பிறந்து வளர்ந்த மாப்பிள்ளை விளம்பரத்தைப் படித்தால், பெற்றோரே ஏன் மகளைக் குறை சொல்கிறார்கள் என்று திகைப்பார்.

பெண்ணை இப்படி எடை போடும் வழக்கம் சரியா என்பது வேறு கேள்வி. போட்டுத்தான் தீருவோம் என்பவர்களுக்கு எடைக்கல்லாவது சரியாக இருக்க வேண்டாமா?