ஒரு சொல்லும் பல பொருளும்

அலுவலகங்களில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் "டெலிகேட்" என்பதும் ஒன்று. கண்ணாடி வளையல் டெலிகேட். சரிகைத் துணி டெலிகேட். குழந்தையின் உடம்பு டெலிகேட். கண்ணில் செய்யும் அறுவைச் சிகிச்சை டெலிகேட். இரண்டு அதிகாரிகளுக்கு இடையே உள்ள மனக்கசப்பும் டெலிகேட்! சொல் ஒன்றுதான். சொல்ல வரும் செய்தியோ இடத்துக்கு இடம் வேறு.

அகராதியைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது "மென்மையான" என்ற பொருள். அதையே எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். "எல்லையில் மென்மையான நிலைமை" என்று எழுதினால், அங்கே அமைதி நிலவுகிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆங்கிலத்தில் சொன்னவர் கருதியதோ, "எந்த நேரத்திலும் நிலைமை கெட்டுவிடலாம்" என்பது. பொருள் தலைகீழாகிவிடுகிறது.

இத்தனை பொருள்களை ஒரே சொல் சுமப்பதற்குக் காரணம் உண்டு. இதன் மூலம் "டெலிகாட்டுஸ்" என்ற லத்தீன் சொல். இன்பம் தருவது, சொகுசானது என்பது அதன் பொருள். சொகுசாக வளர்ந்த உடம்பு வெயிலைத் தாங்காது. எனவே, "எளிதில் நலியக்கூடியது" என்ற பொருள் சேர்ந்தது. சொகுசுப் பொருள்கள் நேர்த்தியாக இழைக்கப்பட்டவை. எனவே, "நுணுக்கமானது" என்ற பொருளும் சேர்ந்தது. நுணுக்கமானதைத் தொடுவதற்குக் கவனம் வேண்டும் அல்லவா? அதனால் "பக்குவமாகக் கையாள வேண்டியது" என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. கண்ணாடி எளிதில் உடையக்கூடியது. உடம்பு பூஞ்சையானது. பொற்கொல்லரின் தராசு நுட்பமானது. சரிகை வேலை நேர்த்தியானது. மல்லிகையின் மணம் இதமானது. இருவர் மனக்கசப்பு பக்குவமாகத் தீர்க்க வேண்டியது. ஆகவே, தமிழில் சொல் இல்லை என்பது வீண் பேச்சு. தேர்ந்தெடுக்கப் பொறுமை இல்லை என்பதே உண்மை.

மும்பையில் வாழும் தமிழர்கள் இதில் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தின் டெலிகேட்டுக்கு இந்தியிலும் மராத்தியிலும் வழங்கும் சொல் "நாஜுக்". பாரசீகத்திலிருந்து வந்த சொல் அது. தமிழிலும் அது "நாசூக்கு" என்று புகுந்திருக்கிறது. ஆனால், தமிழில் அதற்குப் பெரும்பாலும் ஒரு முகம்தான். பிறர் மனம் நோகாமல் பேசுவதும், இங்கிதமாக நடந்துகொள்வதும் நாசூக்கு. இந்தியில் அப்படி அல்ல.

மருத்துவமனையில் "ஹாலத் நாஜுக் ஹை" என்று சொன்னால், நோயாளி உயிருக்குப் போராடுகிறார் என்று பொருள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர், தமக்குத் தெரிந்த நாசூக்கை நினைத்துக்கொண்டு, "பயம் ஒன்றும் இல்லை" என்று ஊருக்குச் செய்தி அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க வேண்டிய தாயும் தந்தையும் ரயில் ஏறாமல் இருந்துவிடுவார்கள். அதே மும்பையில் ஆங்கிலம் பேசும் மருத்துவர் "டெலிகேட் ஹெல்த்" என்றால், பெரும்பாலும் அது அடிக்கடி நோய்வாய்ப்படும் உடம்பையே குறிக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் "கிரிட்டிகல்" என்பார். இந்த வேறுபாடு தெரிந்திருப்பது படிப்புப் பெருமைக்காக அல்ல. குடும்பத்துக்காக.

அலுவலகத்திலும் இதே கதைதான். பழைய ஆங்கிலக் கடிதங்களில் ஒரு பெண் "டெலிகேட் கண்டிஷனில்" இருப்பதாக எழுதியிருந்தால், அவர் கர்ப்பிணி என்பதை நாகரிகமாகச் சொல்கிறார்கள். அதை "நோயாளி" என்று மொழிபெயர்க்கும் குமாஸ்தா, அறியாமலே ஒரு பெண்ணுக்குத் தீங்கு செய்கிறார்.

இன்னொரு வகையும் உண்டு. சம்பள உயர்வைப் பற்றிக் கேட்டால், "அது டெலிகேட்டான விஷயம்" என்று பதில் வருகிறது. தொழிலாளியும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார். அங்கே அந்தச் சொல்லுக்கு, "இப்போது பேச விருப்பமில்லை" என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. கோரிக்கையைத் திரை போட்டு மறைக்க வசதியான சொல் அது. "யாருக்கு டெலிகேட்? எதனால்? எப்போது பேசலாம்?" என்று பணிவாகவே கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பிற மாநிலத்தில் பிழைப்பவர்களுக்கு மூன்று நான்கு மொழிகளின் நடுவேதான் வாழ்க்கை. ஒரு சொல் காதில் விழுந்தவுடன் புரிந்துவிட்டதாக நினைப்பது ஆபத்து. "தெளிவாகச் சொல்லுங்கள்" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்கத் தயங்குகிறவர்கள்தான் பின்னால் வருந்துகிறார்கள்.