விழுந்த மரமும் கடைசற் கிண்ணமும்

காற்றில் சாய்ந்த மரத்தையும் காய்ப்பு ஓய்ந்த மரத்தையும் முழுமரமாய்க் கண்மதிப்பில் விறகு வியாபாரிக்கு விற்றுவிடுவது நம் மிராசுதார்களிற் பலருக்கு வழக்கமாயிருந்து வருகிறது. 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயலில், தென்னைகளுடன் மா, பலா முதலிய மரங்களும் ஏராளமாய் வேரோடு சாய்ந்தன. இவ்வாறு மரம் விழுங்கால் நேரான அடித்துண்டைத் தச்சர் கேட்டு வாங்குவார். கோணலும் கவையும் அடுப்புக்குப் போகும். தச்சர் தள்ளிய அந்தப் பாகமே கடைசற்காரருக்கு உயர்ந்த சரக்கு என்பதை நம்மவர் அறிந்துகொள்ள வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

கிண்ணத்தின் விளிம்பை அறுத்துச் சமனாக்காமல், மரத்தின் மேற்பட்டையையே விளிம்பாக விட்டுக் கடைவது ஒரு முறை. உருண்டைத் துண்டை நீளவாட்டில் நடுமையத்தின் வழியாக இரண்டாய் அறுத்து, பட்டையுள்ள பக்கம் வாயாகவும் அறுத்த பக்கம் அடியாகவும் அமையுமாறு பச்சையாகவே கடைவார்கள். மரத்தின் உருட்சியால் விளிம்பு இருமுனையில் உயர்ந்தும் இருபக்கத்தில் தாழ்ந்தும் நிற்கும். பூவரசு போன்ற மரத்தில் கருத்த வைரமும், அதனைச் சூழ்ந்த வெளிறும், அதன்மேல் பட்டையும் ஒரே பாத்திரத்தில் தெரிவது கண்ணுக்கு மிக இனிது. ஒரு கிண்ணத்தைப் போல் மற்றொன்று அமையாது; விலையும் அதனாலேயே.

குடியானவர் கவனிக்க வேண்டிய முக்கிய விஷயம் வெடிப்பு. மரம் உலரும்போது வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்கும் அளவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. நீளவாட்டில் சுருக்கம் வெகு சொற்பம். ஆகையால் முழு உருண்டையாய் வெயிலிற் போட்ட துண்டு மையத்திலிருந்து பட்டை வரையில் பிளந்தே தீரும். வெட்டுமுகத்தின் வழியே ஈரம் விரைந்து வெளியேறுவதால் பிளவு அங்கேதான் தொடங்குகிறது. வெட்டிய அன்றே இரு முகங்களிலும் உருக்கிய மெழுகையாவது கெட்டியான வர்ணத்தையாவது பூசி, நிழலில், தரையிற் படாமல் அடுக்கிவைக்க வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாமென்று விடுவது பயனில்லை. துண்டின் நீளம் அதன் குறுக்களவைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாயிருந்தால், முனை சற்று வெடித்தாலும் நறுக்கிவிட்டு மிச்சத்தைக் கடையலாம்.

பட்டை ஒட்டி நிற்பதும் பருவத்தைப் பொறுத்தது. இலையுதிர்க்கும் மரங்கள் வளர்ச்சி அடங்கியிருக்கும் காலத்தில் வெட்டப்படின் பட்டை உறுதியாய் நிற்கும். துளிர்விடும் காலத்தில் வெட்டினால் உரித்தாற்போல் கழன்று வரும். புயல் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பது உண்மையே. எனினும், மரத்தைச் சங்கிலி கட்டிச் சாலையில் இழுத்துப் பட்டையை நைத்து விடாமலிருப்பது நம் கையிலுள்ளது.

மாமரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஈரத்திற் கிடந்த மாங்கட்டையில் பூஞ்சணம் புகுந்து கருங்கோடுகள் ஓடும். நம்மவர் அதனைக் கெட்டுப்போன கட்டையென்று கழிப்பர். அமெரிக்காவில் மெல்வின் லிண்ட்க்விஸ்டும் அவர் குமாரர் மார்க் லிண்ட்க்விஸ்டும் இவ்வகைக் கோடு பாய்ந்த மரங்களைக் கடைந்தே பெயர் பெற்றனர். ஆனால் விரலால் அழுத்தினால் குழிவிழும் அளவுக்கு மக்கிவிட்ட கட்டை விறகுக்கும் உதவாது. எட்டி, அரளி, தில்லை ஆகிய நச்சு மரங்களைத் தின்பண்டம் வைக்கும் பாத்திரத்திற்கு ஒருபோதும் கொடுக்கலாகாது.

கடைசற்காரர் எங்கே இருக்கிறார் என்று சிலர் கேட்பர். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் கைத்தொழில் நெடுங்காலமாய் உண்டு. அவர்கள் பழகியது சிறு உருப்படி. ஒரு சாண் அகலமுள்ள பச்சைக் கட்டையைச் சுழற்றுவதற்குக் கனத்த பட்டறையும் குறைந்த வேகமும் வேண்டும்; சுழலுங்கால் விளிம்பின் உயர்ந்த முனைகள் கண்ணுக்குத் தோன்றாமல் விரலைத் தாக்குமாதலின் பழக்கமும் வேண்டும். சுவரைக் கால் அங்குலக் கனத்தில் எங்கும் ஒரே சீராய்க் கடைந்தால் கிண்ணம் சற்றுக் கோணுமேயன்றி வெடிப்பது அரிது. அதனைக் காகிதத்திற் சுற்றி நிழலில் வைத்து, வாரந்தோறும் எடைபோட்டு, எடை குறைவது நின்றபின் எண்ணெயிட வேண்டும். குழம்பு ஊற்றுவதற்கு இது பாத்திரமன்று. பழமும் வெற்றிலையும் வைக்கலாம்.

இதைக் கேட்டு நல்ல மரத்தை வெட்டத் துணிபவர் உண்டாயின், அவர்களுக்காக நான் எழுதவில்லை. தானே விழுந்ததும், தண்டு துளைப்பான் தின்று பட்டுப்போனதுமே போதும். அவற்றிலும் அநுமதி வேண்டிய ஜாதிகளுக்கு முதலில் அநுமதி பெறுக.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புறம்போக்கிலும் சாலையோரத்திலும் விழுந்த மரம் ஏலத்திற்கு வருமுன் வெயிலிற் கிடந்து வெடித்து விறகாகிவிடுகிறது. அரசாங்கத்திற்கும் நஷ்டம், தொழிலாளிக்கும் நஷ்டம். மரத்தை அளந்து கணக்கெழுதும் அன்றே வெட்டுமுகங்களுக்கு வர்ணம் பூசச் செய்யலாம். கவைகளையும் பட்டை கெடாத உருண்டைகளையும், விதிகளுக்கு உட்பட்டுத் தனிக் குவியலாய் ஏலமிடலாம். முழுமரத்தை எடுக்கப் பணமில்லாத கடைசற்காரர், நான்கு துண்டுகளையாவது கேட்டெடுக்க வருவார்.