ஊகிக்கும் நிரலுக்கு ஓர் எதிர்வினை

பழைய ஆவணங்களின் திகதிகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவர ஆயத்தமான ஊகநிரலே போதும், மூலத்துக்கேற்ற விதிகளை எழுதுவது வீண்வேலை என்ற வாதம், இலங்கையின் வடமராட்சியில் நடந்த ஒரு நிகழ்வின் திகதிக்கு முன்னாலேயே நிற்கமாட்டாமல் விழுந்துவிடுகிறது. நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்திலிருந்த இராணுவ முகாம் தாக்கப்பட்ட நாள் இலங்கை வழக்கில் 05/07/1987 என எழுதப்படும். பைதன் மொழியின் டேட்யூட்டில் நிரலகமோ, வேறு கட்டளை தராதவரை, முதல் எண்ணை மாதமாகக் கொண்டு அதனை மே 7 என்று பதிந்துவிடும். வடமராட்சிப் படை நடவடிக்கை தொடங்கிய 26/05/1987 என்பதை அதே நிரல் சரியாகவே வாசிக்கும், ஏனெனில் 26ஆம் மாதம் இல்லாததால் அது சொல்லாமலே ஒழுங்கை மாற்றிக்கொள்கிறது. இதனால் படை நடவடிக்கை தொடங்குமுன்பே முகாம் தாக்கப்பட்டதாக வரலாறு தலைகீழாகிறது. பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை.

நாளே முதலில் வரும் என்று நிரலுக்கு அறிவித்துவிட்டால் தீர்ந்தது என்பதும் சரியன்று: அவ்வாறு அறிவித்தபின், ஆண்டு, மாதம், நாள் என்னும் பன்னாட்டுத் தர ஒழுங்கில் எழுதிய 1987-07-05 மீண்டும் மே 7 ஆகிறது.

எண்ணில்லாமல் தமிழ் ஆண்டுப்பெயரால் எழுதிய 'பிரபவ வருடம் ஆனி' என்ற குறிப்போ, ஆண்டுப்பெயர்கள் அறுபதாண்டுக்கொருமுறை சுழல்வதால், 1927ஐயும் 1987ஐயும் ஒருங்கே சுட்டும். அந்த ஐயத்தைத் தீர்க்க ஆவணத்தின் அச்சகமும் உள்ளடக்கமும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு தொகுப்புக்கும் வடிவத்தை வெளிப்படையாக விதித்து, பொருந்தாததை நிராகரித்து, மூல எழுத்தை மாற்றப்பட்ட திகதியின் பக்கத்திலேயே காக்கும் நிரலைத்தான் எழுதவேண்டும்.