காடி ஊற்றினால் எது நுரைக்கும்?

போன கிழமை வாலிபர் கூட்டத்தில் நீதிமொழிகள் 25ஆம் அதிகாரம் வாசித்தோம். 20ஆம் வசனத்தில் ஒரு தம்பி எங்களை நிறுத்திவிட்டான். மனத்துக்கத்தோடு இருப்பவனுக்குப் பாட்டுப் பாடுவதை அங்கே இரண்டு காரியங்களுக்கு ஒப்பிட்டிருக்கிறது. ஒன்று, குளிரில் உடுப்பைக் கழற்றுவது. ஜனவரியில் புரோசார்டில் பஸ்ஸுக்கு நின்ற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மற்றது, வெடியுப்பின்மேல் காடி வார்ப்பது.

"அண்ணா, காடி என்றால் வினாகிரி. வெடியுப்பு பொட்டாசியம் நைத்திரேற்று. இரண்டையும் சேர்த்தால் ஒன்றும் நடக்காதே?"

அவன் சொன்னது சரி. ஆனால் எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'நெதெர்'. எகிப்தின் உப்பு ஏரிகள் வற்றிய இடங்களில் அள்ளிய சோடா அது. பெரும்பாலும் சோடியம் காபனேற்று. துணி வெளுக்கவும் பிரேதங்களைப் பதப்படுத்தவும் அதைப் பயன்படுத்தினார்கள். எரேமியா 2:22இலும் அதே சொல்தான். அங்கே நமது வேதாகமத்தில் 'உவர்மண்' என்று இருக்கிறது. வண்ணார் துணி வெளுத்த மண், மிகப் பொருத்தமான சொல். நீதிமொழிகளில் மட்டும் அது வெடியுப்பாகிவிட்டது.

இதை வீட்டுக் குசினியிலேயே பார்க்கலாம். ஒரு கோப்பையில் கறியுப்பு, இன்னொன்றில் அப்பச்சோடா. இரண்டும் வெள்ளைத் தூள். இரண்டிலும் கொஞ்சம் வினாகிரி விடுங்கள். உப்பு சும்மா இருக்கும், சோடா பொங்கும். கேத்தலின் அடியில் படிந்த வெள்ளையும் நுரைக்கும், ஏனென்றால் அது கல்சியம் காபனேற்று. வெளியேறும் வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்திப் பால்நிறமானால் அது காபனீரொட்சைட்டு. தெரியாத உப்பொன்றைக் கையில் தந்தால் ஆய்வுகூடத்தில் முதலில் செய்யும் சோதனைகளில் இதுவும் ஒன்று.

நுரை அடங்கியபின் நாக்கில் வையாமல் யோசித்துப் பாருங்கள். காடியின் புளிப்பும் போயிற்று, சோடாவின் வெளுக்கும் சக்தியும் போயிற்று. பெரிய சத்தம், இரண்டும் வீண். செத்தவீட்டுக்குக் கித்தாரோடு போக ஆயத்தமாகும் நம்மவர்கள் இந்த வசனத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போகலாம்.

இனி அந்த வெடியுப்புக்கு வருகிறேன். அதிலுள்ள நைத்திரேற்று அயன் காடிக்கு மட்டுமல்ல, பலவற்றுக்கும் வாய் திறக்காது. அதன் உப்புகள் அநேகமாக எல்லாமே நீரில் கரைபவை; ஆகவே குளோரைட்டுக்கு வெள்ளிநைத்திரேற்று தரும் வெள்ளை வீழ்படிவுபோல எதுவும் கிடைக்காது. அதைப் பிடிக்கக் கபில வளையச் சோதனை இருக்கிறது. கரைசலில் புதிதாகக் கரைத்த பெரசு சல்பேற்றைச் சேர்த்து, குழாயைச் சரித்து, செறிந்த சல்பூரிக்கமிலத்தை ஓரமாக மெல்ல வழியவிட்டால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் கபில வளையம் தோன்றும். இது ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் செய்வது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன்? நம்மில் பலருடைய ஊர் யாழ்ப்பாணம். அங்கே வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் கிணற்றுத் தண்ணீர். தோட்டத்துப் பசளையும் மலகூடக் குழியும் அந்தக் கல்லின் வெடிப்புகளால் இறங்கிப் பல கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், சில மாதக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. கேத்தலில் படியும் சுண்ணாம்பாவது தன்னைக் காட்டிக்கொள்ளும்.

கோடை விடுமுறைக்குக் கைக்குழந்தையோடு ஊருக்குப் போகும் அக்காமாரே, அம்மம்மா "கொதிக்க வைச்ச தண்ணிதானே பிள்ளை" என்பார். கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று கொதித்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாக ஆக, மீதியில் இன்னும் செறிவாகும். கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்கும்வரை, பிள்ளையின் பாலுக்கு வேறு தண்ணீர் எடுங்கள்.