நோவும் இல்லை, கடியும் இல்லை என்று நாம் விட்டுவிடும் தேமல்

வெள்ளாமை செய்யும் குடும்பங்களில் தோலில் ஒரு சிவப்புப் புள்ளியைக் கண்டு எவரும் பதறுவதில்லை. பதறவேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. சேற்றில் நாள் முழுவதும் நின்று களை பிடுங்குகிறவரின் கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வருகிறது. கிருமிநாசினி அடித்தவரின் முன்னங்கையில் தடிப்புப் போடுகிறது. சித்திரை வெயிலில் சிறு பிள்ளைகளுக்கு வேர்க்குரு. மழை தொடங்கினால் நுளம்புக் கடி. ஒரே பாயில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் ஒருவருக்குச் சிரங்கு வந்தால் நால்வருக்கும் வரும். இவற்றுக்கெல்லாம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அடுப்பு எரியாது என்பதை நாம் அறிவோம்.

ஆகவே நம்மவர் தமக்கென ஓர் அளவுகோலை வைத்திருக்கிறார்கள். நொந்தால் அல்லது தாங்கமுடியாமல் கடித்தால் போவோம். இல்லையென்றால் தேங்காய் எண்ணெயைப் பூசிவிட்டு வேலையைப் பார்ப்போம். பத்தில் ஒன்பது தடவை இந்த அளவுகோல் சரியாகவே இருக்கிறது. அது தவறிப்போகும் இரண்டு இடங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். ஒன்று சில நாட்களில் உயிரைக் கேட்கும். மற்றது பல வருடம் காத்திருந்து கையையும் காலையும் கேட்கும்.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். காய்ச்சலோடு வரும் சிவப்புப் புள்ளிகளே அவை. 2017ஆம் ஆண்டு இலங்கை முழுவதிலும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். மட்டக்களப்பும் அதற்குத் தப்பவில்லை. ஒரு கண்ணாடிக் குவளையைப் புள்ளியின் மேல் அழுத்திப் பாருங்கள். வேர்க்குருவும் நுளம்புக் கடியும் அழுத்தினால் வெளிறும். அழுத்தியும் மறையாத புள்ளி தோலுக்கடியில் இரத்தம் கசிந்த புள்ளி. காய்ச்சலுள்ள பிள்ளையில் அதைக் கண்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாம் நிம்மதியடையும் நேரமே டெங்கில் ஆபத்தான நேரம். அப்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம், கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கொண்டுபோகவேண்டும். பனடோல் தவிர வேறு காய்ச்சல் குளிசை கொடுக்கவேண்டாம். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். வயலில் நிற்பவருக்குக் காய்ச்சலுடன் கண் சிவந்து, கெண்டைக்கால் தசை நொந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கும் தாமதம் கூடாது.

இரண்டாவதைப் பற்றி நம்மில் எவரும் பேசுவதில்லை. அது தொழுநோய்.

பெயரைக் கேட்டவுடனே பலர் 'அது இப்போது இல்லையே' என்பார்கள். அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1983 முதல் இலங்கையில் கூட்டு மருந்துச் சிகிச்சை கொடுக்கப்பட்டது. 1990இல் 'இது சாதாரண தோல் நோய், மருந்தால் மாறும்' என்று நாடு முழுவதும் பெரும் பிரசாரம் நடந்தது. 1995இல், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் தொழுநோய் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இந்த 'ஒழிக்கப்பட்டது' என்ற சொல்லில்தான் எமக்கு மனத்தாங்கல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகச் சிகிச்சையில் இருந்தால் அது ஒழிப்பு. நமது காதில் விழுந்ததோ 'இனி ஒருவரும் இல்லை' என்பது. அதற்குப் பின்னரும் பல வருடங்களாக ஆண்டுதோறும் ஏறக்குறைய 2000 புதிய நோயாளர் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டு வந்தார்கள். அதிகம் பேர் காணப்படும் மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. சிறு பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். பிள்ளைக்கு வந்திருக்கிறதென்றால் மருந்து எடுக்காத பெரியவர் ஒருவர் அருகில் இருக்கிறார் என்பது அதன் பொருள். சின்னமுத்துக்கும் இதுவே நடந்தது. 2019இல் இல்லாமற் போனதாக அறிவித்தார்கள். 2023இல் திரும்பி வந்தது. அறிவிப்பாளர்களைக் குறை சொல்வது எமது நோக்கமல்ல. ஆனால் நோய் ஒன்று குறைந்துவிட்டது என்பதை மக்களுக்குச் சொல்ல வேறு ஒரு சொல்லைத் தேடியிருக்கலாம்.

பேசாமைக்கு இன்னொரு காரணம் நமது வாவியிலேயே இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் நடுவிலுள்ள மாந்தீவு தொழுநோய் வைத்தியசாலைக்காகவே அறியப்பட்ட தீவு. 1901இல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டம் இந்நோயாளரைப் பிரித்து வைக்க அதிகாரம் கொடுத்தது. அந்நாளில் நோயை மாற்றும் மருந்து இருக்கவில்லை. பிரித்து வைப்பதே ஒரே வழி என்று எண்ணினார்கள். மேற்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இலேயே அதைச் செய்திருந்தார்கள். தோணியில் ஏற்றிக்கொண்டுபோன தாய், தகப்பன், அண்ணன் திரும்பி வராத வீடுகள் எழுவான்கரையிலும் இருந்தன, படுவான்கரையிலும் இருந்தன. அந்த வீடுகளில் பெண்ணெடுக்கத் தயங்கினார்கள். மருந்து வந்த பின்னரும் அந்தத் தோணியின் பயம் போகவில்லை. 'மாந்தீவுக்கு அனுப்பவேண்டியது' என்று கோபத்தில் ஒருவரை ஏசுவதை முதியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள்.

தேவாலயத்தில் வாசிக்கப்படும் வேதபகுதிகளுக்கும் இதில் பங்குண்டு என்பதை ஒளிக்கத் தேவையில்லை. லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில் தோலில் தடிப்போ வெண்படலமோ உள்ளவரை ஆசாரியன் பார்த்து, தீட்டுள்ளவர் என்று கண்டால் பாளயத்துக்கு வெளியே இருத்தவேண்டுமென்று வருகிறது. அங்கு குறிப்பிடப்படுவது பலவகைத் தோல் நோய்களையும், துணியிலும் சுவரிலும் பிடிக்கும் பூஞ்சணத்தையும் சேர்த்துக் குறிக்கும் ஒரு பழைய சொல் என்றும், இன்று நாம் தொழுநோய் என்பதும் அதுவும் ஒன்றல்ல என்றும் அறிஞர்கள் விளக்குகிறார்கள். பழைய மொழிபெயர்ப்பிலுள்ள சொல்லை வாசிக்கும்போது அந்த விளக்கத்தையும் ஒரு வரியில் சொன்னால், பின்வாங்கில் கைச்சட்டையை இழுத்து மூடிக்கொண்டு இருக்கும் ஒருவருக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும்.

இனி நோய் எப்படி இருக்கும் என்பதைப் பார்ப்போம். இது சாபமல்ல, பரம்பரையுமல்ல. 1873இல் நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் கண்டுபிடித்த ஒரு கிருமியால் வருவது. சிகிச்சை பெறாத நோயாளரின் மூக்கிலும் வாயிலுமிருந்து வெளிவரும் துளிகள் மூலம், நெடுநாள் நெருங்கிப் பழகுபவருக்குத் தொற்றுகிறது. பெரும்பான்மையோரின் உடல் அதைத் தானே எதிர்த்துவிடும். தொட்டால், ஒரு கோப்பையில் தேநீர் குடித்தால் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல இது. கிருமி மிக மெதுவாகப் பெருகும். தொற்றியதிலிருந்து அடையாளம் தெரிய ஐந்து வருடம் எடுக்கலாம், இருபது வருடமும் எடுக்கலாம்.

முதல் அடையாளம் பெரும்பாலும் ஒரு தேமல். சுற்றியுள்ள தோலைவிட வெளிறியிருக்கும், அல்லது சிவந்திருக்கும். 'சிவப்பு' என்று புத்தகங்களில் எழுதியிருப்பது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நமது நிறத்தில் அது செம்பு நிறமாகவோ சற்றுக் கருஞ்சிவப்பாகவோ தெரியும். மங்கலான விளக்கில் தெரியவே தெரியாது. பகல் வெளிச்சத்தில், முதுகு, புட்டம், தொடை ஆகிய இடங்களையும் வீட்டிலுள்ள ஒருவர் பார்க்கவேண்டும். அந்தத் தேமல் கடிக்காது, நோகாது. அதன்மேல் மயிர் உதிர்ந்திருக்கலாம், வியர்வை வராதிருக்கலாம். சிலருக்குத் தேமலே இல்லாமல் முகமும் காதுமடலும் தடித்து மினுங்கும். சிறு கட்டிகள் தோன்றும்.

படர்தாமரை கடிக்கும், ஓரம் வட்டமாக உயர்ந்து பரவும். சிரங்கு இரவில் தூங்கவிடாது. இவ்விரண்டையும் தேமலையும் பிரித்தறிய ஒரு சிறு சோதனை உண்டு. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் அல்லது கோழியிறகால் முதலில் நல்ல தோலிலும் பிறகு தேமலிலும் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். தேமலில் தொட்டது தெரியவில்லையென்றால் அதே வாரத்தில் வைத்தியரிடம் போகவேண்டும். தெரிகிறது என்றாலும், மாதக்கணக்காக மாறாத தேமலைக் காட்டத்தான் வேண்டும். வீட்டுச் சோதனை வைத்தியரின் சோதனைக்கு ஈடாகாது. சிகரெட்டாலோ சூடான கரண்டியாலோ சோதிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது காயத்தைத்தான் உண்டாக்கும்.

உணர்ச்சி போவதால் வரும் கேடு, உழைக்கிறவருக்கே அதிகம். நோய் நரம்பைப் பிடித்த கைக்கு அடுப்புச் சூடு தெரியாது; மண்வெட்டிப் பிடியில் கொப்புளம் போட்டது தெரியாது; காலில் முள் ஏறியது தெரியாது. அந்தக் காயங்கள் பழுத்து விரலைத் தின்கின்றன. நோய் விரலை உதிர்ப்பதாக மக்கள் நினைப்பது இதனால்தான். விரல் மடங்கிப்போதல், பாதம் தொங்குதல், கண் இமை மூடாமற் போதல் ஆகியன நரம்பு பழுதான பின் வருபவை. மருந்து கிருமியைக் கொல்லும்; போன நரம்பைப் பெரும்பாலும் திருப்பித் தராது. நேரத்தோடு போகவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதற்காகவே.

மருந்து இலவசம். நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம், மாதத்துக்கொரு குளிசை அட்டை. வீட்டிலிருந்தபடியே எடுக்கலாம்; எந்தத் தீவுக்கும் எவரும் போகவேண்டியதில்லை. மருந்து தொடங்கியதும் மிக விரைவில் மற்றவருக்குப் பரப்பும் தன்மை போய்விடுகிறது. முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போவதும், சில மாதங்களில் தோல் கறுப்பதும் மருந்தின் நிறத்தாலேயே, பயந்து நிறுத்தவேண்டாம். ஆனால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்கவேண்டும். மருந்து எடுக்கும் காலத்திலோ முடித்த பின்போ, பழைய தேமல் திடீரெனச் சிவந்து வீங்கினால், அல்லது நோவுள்ள சிவப்புக் கட்டிகள் காய்ச்சலோடு வந்தால், அல்லது கை கால் நரம்பு நொந்து பலம் குறைந்தால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. அது உடல் கிருமியோடு மோதும் எதிர்வினை. உடனே சிகிச்சை பெற்றால் நரம்பைக் காப்பாற்றலாம். சில வாரம் பிந்தினால் கை நிரந்தரமாக மடங்கிவிடும்.

இடம்பெயர்ந்தவர்களாகிய நமக்கு இது ஏன் மற்றவரைவிட அதிகம் பொருந்துகிறது? 1990இல் ஊரை விட்டு ஓடினோம். 2004 கடல்கோளுக்குப் பின் பாடசாலைகளில் படுத்தோம். 2006, 2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்து ஒரு தறப்பாளின் கீழ் இரண்டு மூன்று குடும்பங்களாக மாதக்கணக்கில் இருந்தோம். நெருங்கிப் படுத்தால்தான் தொற்றும் நோய்க்கு இதைவிட வசதி வேறென்ன? அன்று தொற்றிய கிருமி இன்று தேமலாக வெளிவந்தாலும் வியப்பில்லை. அத்துடன் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் கிளினிக் அட்டையும் பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவேடும் வீட்டுக் கூரையோடு போயின. பாதி மருந்தில் நின்றவர் புதிய இடத்தில் புதிய அதிகாரியிடம் தமது நோயின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டார். அப்படி நின்றுபோனவர்கள் இப்போதும் போய்ச் சொல்லலாம். எவரும் ஏசமாட்டார்கள், ஏசினால் அது ஏசியவரின் குற்றம்.

நோயாளியை மட்டும் குறைசொல்லி முடிக்கக்கூடிய விடயமல்ல இது. படுவான்கரையில் ஒருவர் துறையில் பாதைக்குக் காத்திருந்து, பிறகு பஸ் பிடித்து, தோல் கிளினிக்கில் வரிசையில் நின்று திரும்ப ஒரு நாள் முழுதும் போய்விடும். அறுவடைக் காலத்தில் அந்த ஒரு நாள் கூலி, நோகாத தேமலுக்காகக் கொடுக்க எவருக்கும் மனம் வராது. ஆகவே தேமலைத் தேடி வைத்தியம் வரவேண்டும். பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் பாடசாலைகளில் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள்; நல்லது. ஒரு நோயாளர் கண்டுபிடிக்கப்பட்ட வீட்டிலுள்ள எல்லோரையும், முகாமில் அவருடன் இருந்து இப்போது வேறு ஊரில் குடியேறியிருப்போரையும் தேடிப் பார்க்கும் வேலைதான் பின்தங்கிப்போகிறது. அதற்கு நாமே உதவலாம். முகாமில் பக்கத்துக் கொட்டிலில் யார் இருந்தார்கள், இன்று எங்கே இருக்கிறார்கள் என்பது அலுவலகக் கோப்பில் இல்லை. நமது பெண்களின் ஞாபகத்தில் இருக்கிறது. நெருங்கியோருக்கு நோய் வராமல் தடுக்க ஒரு வேளை மருந்து கொடுக்கலாமென்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்திருக்கிறது. பரிசோதகரிடம் அதைப் பற்றியும் கேளுங்கள்.

காலத்தையும் பார்த்து வைக்கவேண்டும். பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோக விதைப்புத் தொடங்குமுன் சில வாரங்கள் ஆண்களும் பெண்களும் ஊரில் இருப்பார்கள். கமக்காரர் அமைப்புகளின் கூட்டம் கூடுவதும் அப்போதுதான். கூட்டம் நடக்கும் நாளில் அதே மண்டபத்தின் பின்னறையில், பெண்களுக்குத் தனியாகத் திரை கட்டி, ஒரு வைத்தியரோ பயிற்சி பெற்ற உத்தியோகத்தரோ தோலைப் பார்க்க ஒழுங்கு செய்தால் எவருக்கும் கூலி போகாது. 'எதற்காக வந்தாய்' என்று எவரும் கேட்கவும் மாட்டார்கள். உரம், தண்ணீர் முறை பற்றிய தீர்மானங்களோடு இதையும் எழுத்தில் கேட்கும்படி அமைப்புகளின் செயலாளர்களுக்கு நாம் சொல்லி வருகிறோம்.