பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

பள்ளி விடுமுறை நெருங்கும்போது நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி எங்கே போகலாம் என்பதல்ல. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான். கோடை பார்த்து விடுமுறை விடும் நாடல்ல நம் மலேசியா. 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது. ஆண்டின் நடுவில் இரண்டு வாரத்தை ஒட்டி ஒரு விடுமுறை, கடைசியில் இன்னொரு நீண்ட விடுமுறை, இடையிடையே சிறிய விடுமுறைகள் என்று வருகின்றன. பெற்றோருக்கு எத்தனை நாள்? 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, வேலையில் 2 ஆண்டு நிறையாதவருக்குக் குறைந்தது 8 நாள் சம்பள விடுப்பு. 5 ஆண்டு வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். தீபாவளிக்கு ஊருக்குப் போவதும் உறவில் ஒரு துக்கத்துக்குப் போவதும் அதற்குள்தான். கிள்ளான் துறைமுகக் கிடங்குகளில் நாள் கூலிக்குச் சுமை தூக்குபவருக்கும் கிராப் ஓட்டுபவருக்கும் அந்த 8 நாள்கூட நிச்சயமில்லை.

பிள்ளையின் விடுமுறைக்கும் பெற்றோரின் விடுப்புக்கும் நடுவே விழும் இந்தப் பள்ளத்தைத்தான் கைப்பேசி நிரப்புகிறது.

பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளில் மதிய நேரத்தில் உட்கார்ந்து பாருங்கள். வேலைச் சீருடையோடு வந்த தாய், ரசக் கிண்ணத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைக்கிறார். கரண்டி வரும்போது மூன்று வயதுப் பிள்ளையின் வாய் திறக்கிறது, கண் திரும்புவதில்லை. வாயில் போனது சோறா அப்பளமா என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. எழுந்திருக்கும் நேரத்தில் கைப்பேசியை எடுத்தால் அலறல். சுற்றி இருக்கும் மேசைகளெல்லாம் அந்தத் தாயைப் பார்க்கின்றன. பிள்ளையின் அப்பாவையோ, விடுப்புத் தராத மேலாளரையோ யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இந்தப் பார்வைமேல்தான் கோபம்.

கைப்பேசியில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகவே இருக்கிறது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. 3, 4 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 180 நிமிட ஓட்டமும் ஆட்டமும், 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும் வேண்டும். 2024இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 220 குடும்பங்களின் வீட்டுப் பேச்சைக் கருவி வைத்து அளந்தது. மூன்று வயதில் திரையின் முன் கூடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பெரியவர்களிடமிருந்து பிள்ளை கேட்கும் சொற்கள் ஏறக்குறைய 7 குறைந்திருந்தன. ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 400 சொல். நம் வீட்டில் அந்த 400 சொல் எந்த மொழிச் சொல்? பாட்டி பேசும் தமிழ். ஆறு வயதில் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கும் அக்கறை நமக்கு உண்டு. மூன்று வயதில் அந்தத் தமிழ் காதில் விழாமல் போவதை நாம் கவனிப்பதில்லை.

பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற இதே கேள்விக்கு நம் முன்னோர் ஒரு விடை வைத்திருந்தார்கள். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய என் பாட்டி அடிக்கடி சொல்லுவார். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும். தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஒரு தொட்டிலைக் கையால் ஆட்டிக்கொண்டே இன்னொன்றைக் காலால் ஆட்டுவாராம் ஆயா. அந்தக் கொட்டகை சொர்க்கமல்ல. ஈ மொய்க்கும், காய்ச்சல் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். ஆனாலும் அழுத பிள்ளைக்கு ஒரு மனிதக் குரல் பதில் சொன்னது.

1990இல் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டமும் வீட்டோடு குழந்தைக் காப்பகத்தையும் சேர்த்தே பேசுகிறது. வேலைக்கு வருபவருக்குப் பிள்ளை உண்டு, அதைப் பார்ப்பதும் வேலையிடத்தின் பொறுப்பு என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்தோம். கோயிலைக் கூடவே கொண்டுவந்தோம், பள்ளியையும் போராடிக் கொண்டுவந்தோம். ஆயாக் கொட்டகையை மட்டும் விட்டுவிட்டோம். தஸ்கா எனப்படும் காப்பகங்கள் 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானவை. கட்டணமும் எல்லாருக்கும் கட்டுப்படியாவதில்லை. பாலர் பள்ளியும் பள்ளி விடுமுறையில் பெரும்பாலும் மூடிவிடும். இன்று பதினைந்தாவது மாடியில் பிள்ளைக்கு ஆயா கைப்பேசிதான்.

16 வயதுக்கு உட்பட்டவர்களைச் சமூக ஊடகங்களிலிருந்து தள்ளி வைக்க ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. நம் அரசாங்கமும் அதே வழியில் போகிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு நான்கு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் சட்டம் வந்து உட்காராது.

வீட்டில் செய்ய முடிந்தவை சில உண்டு. அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை இன்றே நிறுத்திவிடுங்கள். முடிவு என்று ஒன்று இருந்தால்தான் பிள்ளை எழும். கையிலிருக்கும் சின்னத் திரையைவிடக் கூடத்துத் தொலைக்காட்சி மேல், கூட உட்கார்ந்து பேச முடியும். சாப்பாட்டு நேரத்தையும் தூங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். சமைக்கும் நேரத்தில் அரை மணி கொடுத்தால் அதற்காக மனம் குமையவும் வேண்டாம். வீட்டில் தாத்தா இருந்தால் அவரோடு பிள்ளையைக் கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் அனுப்பிப் பாருங்கள். சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக் என்று ஒவ்வொரு நிலையமாக அவர் பெயர் சொல்லச் சொல்லப் பிள்ளையும் சொல்லும். கிள்ளானில் இறங்கித் தெங்கு கிளானா சாலையில் ஒரு வடை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பலாம். அந்த 400 சொல்லும் போகும் வழியிலேயே கிடைத்துவிடும்.

தாத்தா இல்லாத வீடுகள்தான் இன்று அதிகம். அவற்றுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். விடுமுறைக் காலைகளில் நம் கோயில் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன, தமிழ்ப்பள்ளி மண்டபங்களும் அப்படித்தான். ஆலய நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பாய் விரித்து, பல்லாங்குழியும் கதைப் புத்தகமும் வைத்து, அறிந்த முகங்கள் இரண்டைப் பொறுப்பில் உட்கார வைத்தாலே போதும். அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரே அடுக்குமாடியில் ஒருவரையொருவர் நன்றாக அறிந்த 5 குடும்பங்கள் சேரட்டும். ஆளுக்கு 2 நாள் விடுப்பு எடுத்தால் 10 வேலை நாள். அரையாண்டு விடுமுறையின் இரண்டு வாரமும் அதில் அடங்கிவிடும். 8 நாள் விடுப்பு மட்டுமே உள்ளவருக்கும் 6 நாள் மிஞ்சும். விடுப்பே இல்லாதவரின் பிள்ளையை மற்ற நான்கு வீடும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அவர் ஞாயிற்றுக்கிழமை கைகொடுப்பார். அடுத்த விடுமுறைக்கு முன் உங்கள் மாடியில் நான்கு கதவுகளைத் தட்டிக் கேளுங்கள்.